14 இஞ்ச் பெட்டி சரியாகச் செய்த வேலை

32 இஞ்சுக்கு மேற்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 43 இஞ்ச் போதும் என்று கணக்குப் போட்டிருந்த குடும்பங்களுக்கு இப்போது 55 இஞ்ச் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை பக்கத்திலிருந்து திண்டுக்கல் கடைகளுக்கு வந்து பெட்டி எடுத்துப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதான்: எத்தனை இஞ்ச், 4கே உண்டா, மாதத் தவணை எவ்வளவு, வாரண்டி எத்தனை வருஷம். நியாயமான கேள்விகள். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பெட்டி செய்யப்போகும் முக்கியமான வேலைகளில் ஒன்று சினிமா காட்டுவது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்யுமா என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கொடைக்கானலில் எடுத்த ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1991-ல் வந்த ‘குணா’வாக இருக்கலாம், 2024-ல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். கேமரா மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்புகிறது. மலைச்சரிவும் மரங்களும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பல புதிய ஸ்மார்ட் டிவிகளில் அவை தத்தித் தத்திப் போகின்றன. “படம் ஜெர்க் அடிக்குது” என்பார்கள். நெட் வேகம் போதவில்லை, கேபிள் சரியில்லை என்று காரணமும் சொல்வார்கள். பெரும்பாலான நேரம் காரணம் இரண்டுமே இல்லை. நெட் திணறினால் படம் நின்று வட்டம் சுற்றும், அல்லது கட்டம் கட்டமாக உடையும். படம் தெளிவாகவும் இருந்து, கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும் தத்தினால், அது வெறும் வகுத்தல் கணக்கில் வந்த கோளாறு. பேசும்படம் வந்த காலத்திலிருந்து சினிமாவின் வேகம் விநாடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு பிரேமும் திரையில் ஏறக்குறைய 42 மில்லி விநாடி நிற்க வேண்டும். சந்தையில் பெருவாரியாக இருக்கும் பேனல்களோ விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிப்பவை, அதாவது 60 ஹெர்ட்ஸ் பேனல்கள். 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் வராது, இரண்டரை வரும். அரைப் புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது. எனவே பெட்டி ஒரு பிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டிச் சமாளிக்கிறது. முதலாவது 33 மில்லி விநாடி நிற்கிறது, அடுத்தது 50. சீராக விழ வேண்டிய தட்டு ‘தக தகிட, தக தகிட’ என்று இரண்டும் மூன்றுமாக விழுந்தால், தவில் கேட்டுப் பழகிய காது எப்படி உடனே கண்டுகொள்ளுமோ அப்படித்தான் கண்ணும் கண்டுகொள்கிறது. காரணத்துக்குப் பெயர் தெரியாததால் நெட்டைத் திட்டுகிறோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 இஞ்ச் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. திண்டுக்கல் சமவெளியின் கிராமங்களில் பல குடும்பங்கள் சொந்தப் பெட்டியில் சினிமா பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். அந்தச் சின்னப் பெட்டியில் கறுப்பு கறுப்பாக இல்லை, எழுத்து தெளிவாகத் தெரியவில்லை, குழாய் மினுக்கியது. ஆனால் ஒரு வேலையை அது பிசகாமல் செய்தது. இந்தியாவின் ஒளிபரப்பு முறை விநாடிக்கு 50 முறை திரையை வரைவது. கொடைக்கானல் உச்சியிலிருந்து தூர்தர்ஷன் அனுப்பிய அலையும் 50, கேபிளில் வந்த கே டிவியும் 50, வீட்டிலிருந்த குழாயும் 50. சினிமாவை ஒளிபரப்பும்போது 24 பிரேமைச் சற்றே விரட்டி 25 ஆக்கிவிடுவார்கள். 25 பிரேம், ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை, ஆக 50. மீதியில்லாத கணக்கு. எல்லா பிரேமும் ஒரே அளவு நேரம் நின்றன. அரசு விலையில்லாமல் கொடுத்த பெட்டி சரியாகச் செய்த அந்த வேலையை, நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கும் பெட்டி செய்யத் தவறுகிறது என்றால் அதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அந்த 25-க்கும் ஒரு விலை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் டிவியில் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். விளம்பரங்களுக்கு நடுவில் அது யாருக்கும் தெரியாது. ஒலியும் சேர்ந்து வேகமாவதால், திருத்தம் செய்யாமல் விட்டால் பாட்டின் சுருதி முக்கால் அரைச்சுரம்போல ஏறிவிடும். கேசட்டில் கேட்ட இளையராஜா பாடல் டிவியில் கொஞ்சம் மேலே நிற்பதாகச் சுருதி அறிந்தவர்கள் உணர்ந்திருந்தால் அது பிரமை இல்லை. ஆனாலும் அசைவு சீராக இருந்தது.

பிறகு என்ன மாறியது? மூன்று எண்கள் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. ஓடிடியில் வரும் படங்களில் பல 24-ல் இருக்கின்றன. இந்தியச் சேனல்களுக்காகத் தயாரான தொடர்களும், டிவி பிரதியிலிருந்து ஏற்றப்பட்ட பழைய படங்களும் 25-ல் வருகின்றன. ஒளிபரப்பாகும் கிரிக்கெட் 50. இவை எல்லாம் வந்து சேரும் ஸ்மார்ட் டிவியின் உள்ளே இருக்கும் மென்பொருளோ, பல மாடல்களில், எது வந்தாலும் 60 என்று பிடிவாதமாக நிற்கிறது. 24-ஐ 60-ல் பொருத்துவதாவது இரண்டு, மூன்று என்ற ஒரு ஒழுங்குக்குள் அடங்கும். 25-ஐப் பொருத்தினால் ஐந்து பிரேமுக்குப் பன்னிரண்டு இடம். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று இன்னும் கோணலாக விழுகிறது. 50-ஐ 60-ல் பொருத்தினால் ஐந்தில் ஒரு பிரேம் இரட்டிப்பாகி, விநாடிக்குப் பத்து முறை இடறுகிறது. பவுண்டரியை நோக்கி உருளும் பந்தைக் கேமரா தொடரும்போது புல்வெளி நடுங்குவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கர்களுக்கு 24-ம் 60-ம் மட்டுமே பிரச்சினை. அவர்கள் ஒளிபரப்பே 60-ஐ ஒட்டியது. அதனால் அங்கிருந்து வரும் விமர்சனங்களும் யூடியூப் அலசல்களும் ‘120 ஹெர்ட்ஸ் வாங்கு, தீர்ந்தது’ என்று சொல்லிவிடும். 120 என்பது 24-ன் ஐந்து மடங்கு, 60-ன் இரு மடங்கு. அவர்களுக்கு அது சரி. நமக்கு அது பாதிப் பதில்தான். 120-ல் 25-ம் பொருந்தாது, 50-ம் பொருந்தாது. அதே பேனல் நம் சேனலைக் காட்டும்போது 100-க்கு இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே திண்டுக்கல்லில் பெட்டி வாங்குகிறவர் கேட்க வேண்டியது ‘எத்தனை ஹெர்ட்ஸ்’ என்பதைவிட, ‘வருகிற படத்துக்கு ஏற்றபடி இது தன் வேகத்தை மாற்றிக்கொள்ளுமா’ என்பதே. மாற்றிக்கொள்ளத் தெரிந்த 60 ஹெர்ட்ஸ் பெட்டி, 24 வந்தால் 48-க்கும் 25 வந்தால் 50-க்கும் இறங்கி, மாற்றத் தெரியாத விலையுயர்ந்த பெட்டியைவிட நன்றாகப் படம் காட்டும்.

இதெல்லாம் நிபுணர்களின் நச்சரிப்பு, சாதாரணமாகப் படம் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது என்று ஒரு மறுப்பு உண்டு. 14 இஞ்ச் பெட்டியில் அது உண்மையாக இருந்திருக்கும். பெட்டி வளர வளர அது பொய்யாகிறது. அந்தப் பழைய திரையின் அகலம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். 55 இஞ்ச் பெட்டியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். ஒரு மரம் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஐந்து விநாடியில் போகிறது என்றால், 120 பிரேமில் அந்தத் தூரத்தைக் கடக்கிறது. பழைய பெட்டியில் ஒரு பிரேமுக்கு இரண்டரை மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. புதியதில் முழுதாக ஒரு சென்டிமீட்டர் தாவுகிறது. வீட்டுக் கூடமோ அதே கூடம், நாற்காலியும் அதே எட்டடித் தள்ளித்தான் கிடக்கிறது. தாவல் நான்கு மடங்கு பெரிதாகும்போது அதன் நேர ஒழுங்கில் விழும் பிசகும் அந்த அளவுக்குக் கண்ணில் உறுத்தும். தெரியவில்லை என்று மக்கள் சொல்வதில்லை. தியேட்டரில் பார்த்த மாதிரி இல்லை என்கிறார்கள், தலை வலிக்கிறது என்கிறார்கள். இவற்றைப் புகாராக எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

இன்னொரு மறுப்பு கடைக்காரரிடமிருந்து வரும்: அதற்குத்தான் மோஷன் செட்டிங் இருக்கிறதே. இருக்கிறது. சாம்சங்கில் ஒரு பெயர், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. இரண்டு பிரேம்களுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பெட்டியே ஊகித்து, கேமரா எடுக்காத பிரேம்களைத் தயாரித்துச் செருகுவது இதன் வேலை. கிரிக்கெட்டுக்கும் செய்திக்கும் இதை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சினிமாவுக்கு இது மருந்தாகாது. ஊகம் தவறும் இடங்களில் ஓடுகிறவனின் கைவிளிம்பு கரைகிறது, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நகரும் முகம் நெளிகிறது. தவறாத இடங்களிலும் ஒரு இழப்பு உண்டு: சினிமா வீடியோவாக மாறிவிடுகிறது. ‘சீரியல் மாதிரி தெரியுது’ என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த செட்டிங்கை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி கூட்டமைப்பு ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஒன்றை அறிவித்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செருகல் வேலை நிற்கும். மார்ட்டின் ஸ்கார்செஸியும் கிறிஸ்டோபர் நோலனும் அதற்குக் குரல் கொடுத்தார்கள். பிரேம் எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன என்று சினிமாக்காரர்களே முயன்றதும் உண்டு. பீட்டர் ஜாக்சன் 2012-ல் ‘தி ஹாபிட்’ படத்தை 48 பிரேமில் எடுத்தார். ஆங் லீ 2016-ல் 120 வரை போனார். பார்வையாளர்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும், அது எடுத்தவர் செய்த தேர்வு. எடுத்தவர் 24 என்று தீர்மானித்த படத்தைப் பெட்டி திருத்தி எழுதுவது வேறு விஷயம்.

நம் ஊர் ஒளிப்பதிவாளர்கள் இந்த 24-க்காக எவ்வளவு கவனம் எடுக்கிறார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மின்விளக்கு வெளிச்சத்தில் படம் மினுக்காமல் இருக்க ஷட்டர் கோணத்தை 180 டிகிரியிலிருந்து 172.8-க்குக் குறைத்து வைப்பது இங்கே வழக்கம். அப்போதுதான் ஒவ்வொரு பிரேமும் ஐம்பதில் ஒரு விநாடி வெளிச்சம் வாங்கும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு பொருள் திரையைக் கடக்க ஏழு விநாடியாவது ஆக வேண்டும் என்று ஒரு தொழில் கணக்கும் உண்டு. அதைவிட வேகமாகத் திருப்பினால் 24 பிரேம் தாங்காது, தியேட்டரிலேயே படம் துடிக்கும். இந்தத் துடிப்பு 24-க்கே உரியது. எந்தப் பெட்டியும் இதை முழுதாகப் போக்காது. ஓஎல்இடி திரைகளில் ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்கு மாறுவது கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவில் நடப்பதால் அது இன்னும் துலக்கமாகவே தெரியலாம். இதை மறைத்துவிட்டு ‘இந்தப் பெட்டி வாங்கினால் எண்ணெய்போல் ஓடும்’ என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. நான் கேட்பது அதைவிடச் சிறியது, அதைவிட நியாயமானது: படத்தில் இருக்கும் துடிப்பு இருக்கட்டும், பெட்டி தன் பங்குக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்காமல் இருக்கட்டும்.

செலவு என்பதே வலுவான மறுப்பு. தறியிலும் தோட்டத்திலும் உழைத்துச் சேர்த்த காசில் 43 இஞ்ச் பெட்டி எடுக்கும் குடும்பத்திடம் போய் 120 ஹெர்ட்ஸ் பேனல் வாங்கு என்பது அபத்தம். ஆனால் இந்தக் குறை பெரும்பாலும் பேனலின் விலையில் இல்லை, மென்பொருள் எழுதியவரின் அக்கறையின்மையில் இருக்கிறது. ஆப்பிள் டிவி 4கே என்ற சின்னப் பெட்டி 2017 செப்டம்பரில் வந்தபோது, படத்துக்கு ஏற்றபடி வேகத்தை மாற்றும் வசதி அதில் இல்லை. பயனர்கள் விடாமல் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் அது வந்துவிட்டது. அதே கருவி, அதே சிப், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. ஃபயர் டிவி ஸ்டிக்கிலும், புதிய ஆண்ட்ராய்டு டிவிகள் பலவற்றிலும் ‘மேட்ச் ஃபிரேம் ரேட்’ என்ற பொருளில் ஒரு செட்டிங் டிஸ்ப்ளே பகுதியில் ஒளிந்திருக்கிறது. சிலவற்றில் அணைத்தே அனுப்பப்படுவதால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. கேபிள் பெட்டியிலும் டிடிஎச் பெட்டியிலும் இதற்கு இணையான ஒரு தவறு நடக்கிறது. இந்திய எச்டி சேனல்கள் 50-ல் வருகின்றன. பெட்டியின் எச்டிஎம்ஐ வெளியீடு 60-ல் வைக்கப்பட்டிருந்தால், டிவிக்குப் போவதற்கு முன்பே அசைவு கெட்டுவிடும். பல செட்டாப் பாக்ஸ்களில் அதை 50 என்று மாற்றும் வசதி உண்டு. பெட்டியைப் பொருத்த வரும் பையன் அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய வேலை. அவரிடம் கேளுங்கள்.

கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ வீடியோவை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. மலர் விரிவதும் கடல் புரள்வதும் பெரும்பாலும் 60 பிரேமில் எடுத்தவை. 60 ஹெர்ட்ஸ் பேனலுக்கு அவை திருமண விருந்து. ஓடிடியைத் திறக்கச் சொல்லி, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்ப் படத்தைப் போடச் சொல்ல வேண்டும். கேமரா மெதுவாகத் திரும்பும் மலைக்காட்சி, ரயில் ஜன்னலுக்கு வெளியே கம்பங்கள் நகரும் காட்சி, தென்னந்தோப்பை ஒட்டி வண்டி போகும் காட்சி, எதுவும் இல்லாவிட்டால் கடைசியில் மேலேறும் பெயர்ப் பட்டியல். செங்குத்துக் கோடுகள் நகரும் இடத்தில்தான் பிசகு பளிச்சென்று தெரியும். மோஷன் செட்டிங்கை முதலில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பார்ப்பது பெட்டியின் திறமையை அல்ல, அதன் ஊகத்தை. அதே படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோயும் போட்டுப் பார்க்கலாம். சில பெட்டிகள் பென் டிரைவில் சரியாகக் காட்டிவிட்டு ஓடிடி செயலியில் தத்தும். குறை பேனலில் இல்லை, செயலி வழியில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. கூட்டமில்லாத நாளில் போனால் கடைக்காரரும் முகம் சுளிக்கமாட்டார்.

ஆனால் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் பென் டிரைவோடு போய்ச் சோதிப்பதைத் தீர்வு என்று சொல்லிவிட முடியாது. அட்டைப் பெட்டியில் அச்சாகும் எண்களே இன்று குழப்புகின்றன. 60 ஹெர்ட்ஸ் பேனலை வைத்துக்கொண்டு ‘மோஷன் ரேட் 120’ என்றும், 120 பேனலுக்கு 240 என்றும் நிறுவனங்கள் தாங்களே ஒரு அளவுகோலைச் செய்து போட்டுக்கொள்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இப்படி ‘எஃபெக்டிவ்’ ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்ததற்காக விசியோ நிறுவனத்தின் மீது வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் 30 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நம் நாட்டில் டிவியின் பாதுகாப்புக்கு பிஐஎஸ் பதிவு இருக்கிறது. மின்சாரச் செலவுக்கு நட்சத்திரச் சீட்டு ஒட்டியாக வேண்டும். படம் ஒழுங்காக ஓடுமா என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் தகுதியையும் அறிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தின் மீது நடவடிக்கை எடுக்க மத்திய ஆணையமும் அந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. நட்சத்திரச் சீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று வரி போதும்: பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு, 24, 25, 50 மூன்றையும் இது சம இடைவெளியில் காட்டுமா, டிவியில் உள்ள ஓடிடி செயலிகளிலும் அப்படியே காட்டுமா. இவற்றுக்கான பதில் நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கிறது, சோதனைக்கூடச் செலவும் புதிதாக இல்லை. ‘ஆம், இல்லை’ என்று தமிழிலும் அச்சிட்டால் வேடசந்தூர்க்காரர் கடைப்பையனைக் கேட்காமலே படித்துக்கொள்வார்.